மஞ்சள் நிறத்தில் ஒரு ‘இல்லை’

மார்ச் 4

அண்ணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாயாம். அன்றைக்கு நீ, “அப்பாவை ஒரு இல்லத்துல சேர்த்துடலாம், அவருக்கு இனிமே ஒண்ணும் புரியப் போறதில்ல” என்று சொன்னாயே, அப்போது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் கொண்டு போனது அவர் பேச்சையும் வலது கையையும் மட்டும்தான். காது நன்றாகவே கேட்கிறது. அதற்கப்புறம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டதைப் பார்த்தவள் நான். அதனால் கொஞ்ச நாளைக்கு உன் குரல் இந்த வீட்டுக்கு வேண்டாம். எழுது. எழுத்தென்றால் பிடிக்காத வரியைத் தாண்டிப் போய்விடலாம்.

இப்போது எழுதுவதும் சமாதானத்துக்கு இல்லை. நீ வாங்கி வைத்துவிட்டுப் போன பிரிண்டர் என் உயிரை வாங்குகிறது.

பேச்சுப் பயிற்சி தரும் மேடம், அப்பாவுக்குப் படக் கார்டு தயார் பண்ணச் சொன்னார். எழுத்தைக் காட்டினால் அவருக்குப் பிடிபடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் படம்: அவருடைய டம்ளர், அவருடைய போர்வை, பாத்ரூம் கதவு, நம் எல்லோர் முகமும். கூடவே இரண்டு பெரிய கார்டு. முழுக்கப் பச்சை என்றால் ‘ஆமாம்’. முழுக்கச் சிவப்பு என்றால் ‘இல்லை’. கேள்வி கேட்டதும் இடது கையை ஒன்றின் மேல் வைக்க வேண்டும். பழக்க தோஷத்தில் ஒரே பக்கம் கை போகக் கூடாது என்று கார்டுகளை இடம் மாற்றி மாற்றி வைக்கிறோம்.

அச்சடித்தேன். சிவப்பு மஞ்சளாக வருகிறது. முகமெல்லாம் பச்சை. உன் முகம் பாசி பிடித்த தொட்டி. போட்டோ எடுத்து அனுப்பினால், “போன்ல கலரை நம்ப முடியாது, தாளையே அனுப்பு” என்றாயாம். இதோ, தாளையே வைத்திருக்கிறேன். நல்லாப் பார்த்துக்கொள்.

மாதக் கடைசியில் மேடம் ஒரு சோதனை வைப்பார், அப்பாவுக்குக் கேள்வி புரிகிறதா என்று. புரியவில்லை என்று மேடம் சொல்லிவிட்டால் நீ சொல்லும் இல்லத்துக்கு நானே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். ரோஷத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

தங்கை

மார்ச் 8

தங்கச்சிக்கு,

கோபத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் உண்மையைச் சொல், ‘கிளீனிங்’ என்று இருப்பதை எத்தனை தடவை ஓட்டினாய்? தாளைப் பார்த்தாலே தெரிகிறது, விடாமல் ஓட்டியிருக்கிறாய். எங்கள் கடைக்கு ரிப்பேருக்கு மெஷின் கொண்டு வரும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் லிஃப்ட் சீக்கிரம் வந்துவிடுமா? ஒவ்வொரு தடவையும் மை கொட்டி, அடியில் இருக்கும் பஞ்சில் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான். இரண்டு தடவைக்கு மேல் சேர்ந்தாற்போல் ஓட்டாதே. ஓட்டிவிட்டு அரை நாள் சும்மா விடு.

நீ அனுப்பிய தாளில் நீலம், மஞ்சள், கறுப்பு மூன்றும் வந்திருக்கின்றன. ரோஸ் மை மட்டும் வரவில்லை. அந்த மெஷினுக்குச் சிவப்பு என்று தனியாக ஒரு மை கிடையாது. ரோஸும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் சிவப்பு. ரோஸ் வரும் துளை அடைத்துக்கொண்டதால் மஞ்சள் மட்டும் விழுகிறது. என் மூஞ்சி பச்சையானதும் அதனால்தான், வேறு வயிற்றெரிச்சல் எதுவும் இல்லை.

நீ வேலை பார்க்கும் மருந்துக் கடையில் ஊசி மருந்து கலக்கும் சுத்தத் தண்ணீர் இருக்குமே, அதை வெதுவெதுப்பாக்கி, டிஷ்யூ காகிதத்தைப் பட்டையாக மடித்து நனைத்து, அச்சடிக்கும் தலைக்கு அடியில் விரித்து வை. தலையை அதன் மேல் மெதுவாக நகர்த்தி நிறுத்து. மெதுவாக. குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது.

இன்னொன்று. அதை எப்படி அணைக்கிறீர்கள்? பிரிண்டரில் இருக்கும் பட்டனை அமுக்கினால் தலை ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்கார்ந்துகொள்ளும், மை காயாது. அச்சடித்த கையோடு சுவரில் ஸ்விட்சை அணைத்தால் நடு வழியில் நின்று காய்ந்து போகும்.

ஸ்பீக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. நீ காலையில் கடைக்குப் போனால் மத்தியானம் வரைக்கும் அவரை யார் பார்ப்பது? என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன் அண்ணியும் நானும் பொழுது விடிந்தால் வேலைக்குப் போய்விடுகிறோம். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அண்ணன்

மார்ச் 13

அண்ணா,

சுவரில் அணைப்பது யார் தெரியுமா? சாட்சாத் அப்பாதான். அச்சடிக்கும் சத்தம் நின்றதும் சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து போய் ‘டக்’கென்று அணைத்துவிட்டு வருகிறார். இந்த வீட்டில் அவர் தானாகச் செய்யும் ஒரே வேலை அதுதான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிரிண்டர் ஒயரை மட்டும் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பிளக்குக்கு மாற்றிவிட்டேன். அவர் பாட்டுக்கு வெறும் ஸ்விட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக வந்து உட்காருகிறார்.

உன் டிஷ்யூ வைத்தியத்தைப் பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது. தலையை மெதுவாக நகர்த்து என்று எழுதிவிட்டாய். எது தலை, எது வால் என்று எழுதினாயா? என் வீட்டுக்காரர், “நகரு, நான் பண்றேன்” என்று வந்தார். ஒரே இழுப்பு. டிஷ்யூ உள்ளே சுருண்டு மாட்டிக்கொண்டது. முடி பிடுங்கும் சாமணத்தை வைத்து இழை இழையாக எடுத்தேன். முழங்கை வரை ரோஸ் மை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, அலர்ஜியா?” என்று கேட்கிறார்கள். எனக்கு வாயில் என்ன வந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் அந்த மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டு சண்டை போட்டதைப் பார்த்து அப்பா சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. பார்த்து எத்தனை நாளாயிற்று.

அவருக்குப் புரியவில்லை என்று சொன்னாயே. அந்தக் கண்ராவி மஞ்சள் கார்டை ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார். “தண்ணி வேணுமா?” பச்சை. “போர்வை போத்தவா?” மஞ்சள். பச்சைப் பிசாசாக இருக்கும் நம் முகங்களைப் பார்த்தும் முகம் சுளிக்கவில்லை. உன் படத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. “சிவப்புன்னா சிவப்பா இருக்கணும்மா. இப்படிக் கண்ட கலர்ல காட்டினா அவர் குழம்பிப் போவார். சோதனைக்குச் சரியான கார்டோட வாங்க” என்றுவிட்டார்.

இப்போது மெஷினில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அதற்கு என்ன அர்த்தம்? கிண்டல் பண்ணாமல் எழுது.

தங்கை

மார்ச் 17

தங்கச்சிக்கு,

கிண்டல் பண்ணவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன். அது வேறு.

விளக்கு எரிவது நீ கொட்டிய மையெல்லாம் சேர்ந்து பஞ்சு நிறைந்துவிட்டதற்கு. புதுப் பஞ்சு, கிளீனிங் திரவம், சிரிஞ்ச் எல்லாம் பார்சலில் வைத்திருக்கிறேன். பின்பக்கம் ஒரே ஒரு திருகுதான். அதைக் கழற்றினால் பஞ்சுத் தட்டு கையோடு வரும். தயவுசெய்து மாப்பிள்ளையை அந்தப் பக்கம் விடாதே.

வலது ஓரத்தில் ரப்பர் மூடி தெரியும். அதில் நாலைந்து சொட்டுத் திரவம் விட்டு, தலையை அதன் மேல் உட்கார வைத்து, மறுநாள் வரை தொடாதே. பிறகு ஒரே ஒரு தடவை கிளீனிங். அப்புறம் தினமும் கலரில் ஒரு தாளாவது எடு. சும்மா கிடந்தால் மறுபடி அடைக்கும்.

இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது, ஜன்னல் பக்கம் ஒரு படுக்கை காலி. மாதம் முடியும் வரை வேறு யாருக்கும் தர மாட்டோம் என்றார்கள். நீ திட்டுவாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

சிவப்பு வந்துவிட்டது! நிஜச் சிவப்பு. முகமெல்லாம் மனிதர்கள் நிறத்தில் இருக்கின்றன. உனக்குக் கன்னத்தில் சதை போட்டிருப்பது வரை தெரிகிறது.

எல்லாக் கார்டையும் புதிதாக அடித்து, ஓரம் வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, அழுக்காகாமல் இருக்கச் சோதனை நாளுக்கென்று எடுத்து வைத்தாயிற்று. மெஷின் விஷயத்தில் நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜன்னல் பக்கப் படுக்கையில் நீயே போய்ப் படுத்துக்கொள்.

தங்கை

மார்ச் 28

அண்ணா,

நீ ஜெயித்துவிட்டாய்.

சோதனை முடிந்தது. மேடம் எதிரில் உட்கார்ந்து புதுக் கார்டுகளை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். “இது உங்க பொண்ணா?” அப்பா என் முகத்தைப் பார்த்தார், கார்டுகளைப் பார்த்தார், கை சிவப்பில் போய் விழுந்தது. “இப்ப நீங்க கப்பல்லயா இருக்கீங்க?” பச்சை. அடுத்த கேள்விக்குச் சரி, அதற்கடுத்தது தப்பு. ஒரு கட்டத்தில் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து, “அப்பா, நல்லாப் பாருங்கப்பா” என்று கத்தியேவிட்டேன். மேடம் என்னை வெளியே உட்காரச் சொன்னார்.

மறுபடி லேசாகத் தாக்கியிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை. “கேள்வி புரியறது குறைஞ்சிருக்குன்னு நினைக்கிறேன்” என்றார் மேடம். நாங்கள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அதே புதுக் கார்டுகளை வைத்து ஆத்திரத்தில் கேட்டேவிட்டேன். “அண்ணன் சொல்ற இல்லத்துக்குப் போறீங்களா?” பச்சையில் கை வைத்தார். ஆமாம் என்கிறார். அவரே சொன்ன பிறகு நான் யார் குறுக்கே நிற்க? சொன்ன வார்த்தையை மாற்ற மாட்டேன். எப்போது வருகிறாய் என்று எழுது.

இன்னொரு கொடுமையையும் கேள். புதுக் கார்டைப் பார்க்கவே பிடிக்காமல் அலமாரியில் எறிந்துவிட்டு, பழைய அழுக்குக் கார்டையே எடுத்துத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். டாண் டாண் என்று சரியாகச் சொல்கிறார். போர்வை, பாத்ரூம், எல்லாம் சரி. மறுபடி புதிதை எடுத்தால் தப்பு. மெஷின் கெட்டுக் கிடந்தபோது இவர் நன்றாக இருந்தார், மெஷினைச் சரி பண்ணினால் இவர் கெட்டுப் போகிறார். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு என்னைப் பைத்தியமாக்குகின்றனவா? பழையதில் ஒரு ஜோடி, புதியதில் ஒரு ஜோடி இதோடு வைத்திருக்கிறேன். பெரிய மெக்கானிக் ஆயிற்றே, நீயே பார்த்துச் சொல்.

தங்கை

ஏப்ரல் 1

தங்கச்சிக்கு,

இல்லத்துக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீயும் ஒன்றும் செய்யாதே. இதை முதலில் நிதானமாகப் படி.

எங்கள் கடையில் ரிப்பேருக்கு ஒரு கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் மெஷின் வந்திருந்தது. ரோலர் மாற்றிவிட்டுக் கைக்குக் கிடைத்த தாளை வைத்து ஓட்டிப் பார்ப்போம். கைக்குக் கிடைத்தது உன் கார்டுகள். புதிய ஜோடியை வைத்தேன். இரண்டும் ஒரே சாம்பல். எது பச்சை, எது சிவப்பு என்று எனக்கே தெரியவில்லை. பழைய ஜோடியை வைத்தேன். மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளையாக வந்தது, பச்சை கறுப்பாக வந்தது. குருடன்கூடச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் உறைத்தது.

அப்பா நம்மை ரோட்டைக் கடக்க வைக்கும்போது என்ன சொல்வார்? “மேல எரியுது, நில்லு. கீழ எரியுது, வா.” என்றைக்காவது சிவப்பு, பச்சை என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? அவர் பேச்சே அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழுத்த தக்காளி என்று காயைப் பொறுக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கொண்டார்! “கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?” என்று அம்மா கத்துவார், இவர் சிரித்து மழுப்பிவிடுவார். பச்சை முகத்தைப் பார்த்தும் அவர் முகம் சுளிக்கவில்லை என்று எழுதினாயே. அவருக்கு அது பச்சையாகவே தெரிந்திருக்காது.

அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரிந்திருக்காது. வாய் இருந்தவரை எப்படியோ சமாளித்துவிட்டார். அடைத்துக் கிடந்த மெஷின் தற்செயலாக அவருக்குப் பார்க்க முடிந்த கார்டுகளைக் கொடுத்தது. நான் பார்சல் அனுப்பிச் சரி பண்ணி அவர் வாயை மூடினேன். “அவருக்கு ஒண்ணும் புரியப் போறதில்ல” என்று சொன்னவனும் நான்தானே.

நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று அடி. நீலம் ‘ஆமாம்’, மஞ்சள் ‘இல்லை’. நமக்குப் பதில் தெரிந்த கேள்விகளாக முதலில் கேட்டுப் பழக்கு. மேடத்தையும் கூப்பிட்டு வைத்துக்கொள். அப்புறம் இல்லத்தைப் பற்றி மறுபடி கேள். அன்றைக்கு எந்தக் கார்டில் கை வைத்தோம் என்று அவருக்கே தெரியாது. இந்தத் தடவை அவர் என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன். எது சொன்னாலும்.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடைக்கு லீவு சொன்னேன். தக்காளிக்காக அம்மா திட்டிய திட்டெல்லாம் நினைவு வந்து அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கார்டு அடித்தேன். மேடமும் வந்தார். இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டோம். “இது உங்க பொண்ணா?” நீலம். “கப்பல்லயா இருக்கீங்க?” மஞ்சள், அதோடு மேடத்தை ஒரு முறைப்பு. ஒரு தப்புகூட இல்லை. “இதை நான் முதல்லயே பார்த்திருக்கணும், மன்னிச்சுக்குங்க சார்” என்று அப்பாவிடமே சொன்னார் மேடம். பயிற்சி தொடரும்.

மேடம் போன பிறகு கேட்டேன். “இல்லத்துக்குப் போறீங்களா?” நான் வாயை மூடுவதற்குள் மஞ்சள். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஒரு பேச்சுக்கு, “அப்ப இங்கயே எங்களோட இருக்கீங்க, அப்படித்தானே?” என்று கேட்டுக்கொண்டே அவருக்குத் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கை மஞ்சளில் இருக்கிறது.

கேள்வி சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கார்டுகளை இடம் மாற்றி வைத்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். மறுபடியும் மஞ்சள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்க எனக்கு இஷ்டமே இல்லை. போய்ப் பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், அவர் கார்டுகளைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் வந்து உட்கார்ந்து, “அண்ணன்கிட்ட போறீங்களா?” என்றேன். நீலக் கார்டை அப்படியே மேசை ஓரம் வரைக்கும் தள்ளினார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? குளிப்பாட்டுவது நான், நகம் வெட்டுவது நான், முழங்கை வரை மையைப் பூசிக்கொண்டு ஊர் சிரிக்க நின்றவள் நான். ஒதுக்கி வைக்கப் பார்த்தவன் நீ. அவருக்கு நீதான் வேண்டுமாம். பொறாமையாக இருக்கிறது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. “மூணாவது மாடிப்பா, லிஃப்ட் கிடையாது, ஏறணும்” என்று பயமுறுத்திப் பார்த்தேன். நீலம். “பகல்ல வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க.” நீலம். “என் மேல ஏதாவது கோபமா?” உடனே மஞ்சள், அப்புறம் அதே கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

எது சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீயும் அண்ணியும் மாற்றி மாற்றி லீவு போடுவீர்களோ, தரைத்தளத்தில் வீடு பார்ப்பீர்களோ, அது உங்கள் பாடு. பேச வை, பேச வை என்று நான்தான் குதித்தேன். பேசிவிட்டார். இப்போது எனக்குப் பிடிக்கவில்லை என்று கார்டை ஒளித்துவைக்க முடியுமா?

“ஏம்ப்பா?” என்றும் கேட்டுவிட்டேன். அவர் நீலத்தைப் பார்த்தார், மஞ்சளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு என்னிடம் கார்டு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பேன். வந்து கூட்டிக்கொண்டு போ.

தங்கை